முதல் பிழையை விழுங்கிய இரண்டாம் பிழை

பைத்தான் நிரல் விழுந்தால், எங்கே எப்படி விழுந்தது என்று அது கொட்டும் நீளமான பட்டியலுக்கு டிரேஸ்பேக் என்று பெயர். அதை முழுசாகப் படிக்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. கடைசி வரியை மட்டும் பார்ப்போம், அதை அப்படியே எடுத்து டீமின் ஸ்லாக் குழுவில் போட்டு "யாருக்காவது இது என்னன்னு தெரியுமா?" என்று கேட்போம். பல நாள் இது சரியாகவே வேலை செய்யும், ஏனென்றால் பைத்தானில் விஷயம் கடைசி வரியில்தான் இருக்கும். ஆனால் அந்த நீளமான குப்பையின் நடுவே, மேலும் கீழும் வெற்று வரி விட்டு, "ட்யூரிங் ஹேண்ட்லிங் ஆஃப் தி அபவ் எக்ஸெப்ஷன், அனதர் எக்ஸெப்ஷன் அக்கர்டு" என்று ஒரு வாக்கியம் தனியாக நின்றால் கணக்கு மாறிவிடுகிறது. முதலில் ஓர் எரர் (பைத்தான் பாஷையில் எக்ஸெப்ஷன்) வந்தது, அதைச் சமாளிக்கவென்றே எழுதிவைத்த எக்ஸெப்ட் பகுதியும் விழுந்தது என்று பைத்தான் சொல்கிறது. கடைசி வரி அந்த இரண்டாவது எரருடையது. நாம் தேடவேண்டிய ஆள் மேலே எங்கோ இருக்கிறார்.

பெல்லந்தூர் பக்கம் ஒரு பேமெண்ட் கம்பெனியில் பேக்எண்ட் வேலை பார்க்கிறேன். எங்கள் டீமில் பாதிப் பேர் தமிழர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் மடிவாளாவில் ஆம்னி பஸ் பிடிக்க ஓடுகிற கூட்டம். வெள்ளி இரவு புரொடக்ஷனில், அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சர்வரில், எது விழுந்தாலும் முதல் பதில் பெரும்பாலும் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் சிக்னல் கிடைத்த யாரோ ஒருவரிடமிருந்துதான் வரும். அப்படி ஒரு வெள்ளி இரவில் விழுந்த ஒரு ஜாபைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எக்ஸெப்ஷனைக் கையாளும் கோட் எப்படியெல்லாம் சொதப்பும் என்பதற்கு அந்த ஒரே ஜாப் போதும்.

வேலை சாதாரணமானது. கடைகளிடமிருந்து வரும் பரிவர்த்தனைக் கோப்புகளைப் படித்து, வரிவரியாக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டேபிளில் ஏற்ற வேண்டும். ஏதாவது ஒரு வரியில் சிக்கல் வந்தால் அதை "எரர் டேபிள்" என்ற இன்னொரு டேபிளில் குறித்துவைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். எழுதியவர் எப்போதோ கம்பெனி மாறிவிட்டார். அன்று இரவு லாகில் இருந்தது ஒரே ஒரு வரி: "கரண்ட் டிரான்சாக்ஷன் இஸ் அபார்ட்டட், கமாண்ட்ஸ் இக்னோர்ட் அன்டில் எண்ட் ஆஃப் டிரான்சாக்ஷன் பிளாக்."

இதைப் பார்த்தால் யாருக்கும் டேட்டாபேஸ் மேல்தான் சந்தேகம் வரும். எங்களுக்கும் வந்தது. வேறு ஏதாவது டேபிளைப் பூட்டி வைத்திருக்கிறதா, கனெக்ஷன் பூல் தீர்ந்துவிட்டதா, ரெப்ளிகா பின்தங்கிவிட்டதா என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் தோண்டினார்கள். எங்கள் டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகி, கேஜிஎஃப் தமிழர், தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வந்து போகிறவர், என்னைவிடப் பல வருடம் மூத்தவர். அவரைக் கூப்பிட்டதும் எரிச்சலோடு சொன்னார்: "ஏம்மா, இது டிபி எரரே இல்ல. ஏற்கெனவே ஒண்ணு ஒடைஞ்சு போச்சு, ரோல்பேக் பண்ணாம மறுபடி மறுபடி ஏன் கேக்கறேன்னு அது கேக்குது. மொதல்ல ஒடைஞ்சது எதுன்னு பாரு."

அவர் சொன்னதுதான் விஷயம். போஸ்ட்கிரெஸில் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் (சேர்ந்தே முடியவேண்டிய கட்டளைத் தொகுப்பு) ஒரு கட்டளை தோற்றால், அதுவரை செய்ததை ரத்து செய்யும் ரோல்பேக்கைக் கொடுக்கும்வரை அதே கனெக்ஷனில் எதைக் கேட்டாலும் அது மறுக்கும். இங்கே நடந்தது இது: ஒரு கடை ஒரே கோப்பை இரண்டு முறை அனுப்பிவிட்டது. ஒரே பதிவை இரண்டு முறை ஏற்ற விடாத யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் தடுத்தது. எக்ஸெப்ட் பகுதி விழித்துக்கொண்டு, தோற்ற அதே கனெக்ஷனிலேயே எரர் டேபிளில் எழுதப் போனது. மறுப்பு. அது இரண்டாவது எக்ஸெப்ஷன். அபார்ட்மெண்டில் கரண்ட் போனதும் ஜெனரேட்டரைக் கிளப்பவேண்டிய பேனலை மெயின் கரண்டிலேயே இணைத்து வைத்தது போன்ற ஏற்பாடு.

அத்தோடு நின்றிருந்தால்கூட முழு டிரேஸ்பேக்கில் இரண்டு எரரும் தெரிந்திருக்கும். பைத்தான் 3 இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. எக்ஸெப்ட் பகுதிக்குள் புதிய எக்ஸெப்ஷன் கிளம்பினால், பழையதைக் "காண்டெக்ஸ்ட்" என்ற பண்பாகப் புதியதன் முதுகிலேயே கட்டி அனுப்பிவிடும். பைத்தான் 2 காலத்தில் பழையது காணாமலே போய்விடும். ஆனால் எங்கள் ஜாபுக்கு வெளியே இன்னொரு உறை இருந்தது. அதில் எல்லா எக்ஸெப்ஷனையும் பிடித்து, அதை ஸ்ட்ரிங்காக மாற்றி, அந்த ஒரு வரியை மட்டும் லாக் செய்திருந்தார்கள். ஸ்ட்ரிங்காக மாற்றினால் சங்கிலி போய்விடும், கடைசி வாக்கியம் மட்டும் மிஞ்சும். பைத்தான் கஷ்டப்பட்டுக் காப்பாற்றிக் கொண்டுவந்த சாட்சியை வாசலில் வைத்துத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

சரி, ரோல்பேக் சேர்த்தாயிற்று, எரர் டேபிளுக்குத் தனிக் கனெக்ஷனும் கொடுத்தாயிற்று. டீமில் புதிதாகச் சேர்ந்த தூத்துக்குடித் தம்பி, "அக்கா, இனிமே டிரேஸ்பேக்கையும் சேத்தே டேபிள்ல போட்டுருவோம், ஈஸியா இருக்கும்" என்றான். நல்ல யோசனைதான். ஆனால் எரர் டேபிளில் எரரை எழுதும் நெடுவரிசை 255 எழுத்து மட்டும் கொள்ளும் வார்கேர் வகை. சின்ன எரர்களெல்லாம் அதில் அடங்கிக்கொண்டிருந்தன. டிரேஸ்பேக் அடங்காது. போஸ்ட்கிரெஸ் நீளமானதை வெட்டி வைத்துக்கொள்ளாது, எரர் கொடுத்துவிடும். பழைய மைஎஸ்க்யூஎல் என்றால் வெட்டிவிட்டு வார்னிங்கோடு போயிருக்கும், 5.7 முதல் அதுவும் கறாராகிவிட்டது. இதை மட்டும் டெஸ்டிங்கில் பிடித்தோம். அந்த நெடுவரிசையை நீள வரம்பில்லாத டெக்ஸ்ட் வகைக்கு மாற்றியதோடு முடிந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்து வந்தது. ஏனென்றால் அது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் வியாதி.

எரர் வந்தால் கடையின் பெயரோடு ஓர் எச்சரிக்கை வரியை பிரிண்ட் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. அது ஓடிய கண்டெய்னர் (நிரலை அதன் சூழலோடு அடைத்துவைக்கும் பெட்டி) பழையது, பைத்தான் 3.6, லொகேல் என்ற மொழி அமைப்பு எதுவும் செய்யப்படவில்லை. அந்தச் சூழலில் பிரிண்ட் போய்ச் சேரும் ஸ்டாண்டர்டு அவுட்புட்டின் என்கோடிங் ஆஸ்கி, அதில் ரோமன் எழுத்துக்கு மட்டும்தான் இடம். ஆங்கிலப் பெயருள்ள கடைகளுக்கெல்லாம் எச்சரிக்கை ஒழுங்காக வந்தது. பெயரைத் தமிழில் பதிவு செய்திருந்த கடை முதன்முறையாகச் சிக்கலில் மாட்டியபோது பிரிண்டே விழுந்தது: யூனிகோட் என்கோட் எரர். கடையின் பரிவர்த்தனையில் என்ன பிரச்சினை என்று லாகில் ஒரு சொல் கிடையாது. 'க' என்ற எழுத்தை ஆஸ்கியில் எழுத முடியாது என்ற தகவல் மட்டும் பத்திரமாகப் பதிவாகியிருந்தது.

டெஸ்ட் டேட்டாவில் எப்போதும் ராம், ஜான், ஏபிசி ஸ்டோர்ஸ்தான். எல்லாம் ரோமன் எழுத்தில். பெங்களூரில் கன்னடத்திலும் தமிழிலும் பெயர்ப்பலகை வைத்திருக்கும் கடைகள்தான் நம் வாடிக்கையாளர்கள் என்று தெரிந்தும் யாரும் 'ழ'கரம் வரும் ஒரு பெயரை டெஸ்டில் போட மாட்டார்கள். (நான் இப்போது போடுகிறேன். ரிவ்யூவில் "இது எதற்கு?" என்று ஒருவராவது கேட்பார்.)

இந்தக் குழியைப் பைத்தானை உருவாக்கியவர்கள் ஒரு பக்கம் ஏற்கெனவே மூடியிருக்கிறார்கள். ஸ்டாண்டர்டு அவுட்புட்டில் என்கோட் செய்ய முடியாத எழுத்து வந்தால் எக்ஸெப்ஷன் வரும். பிழைச் செய்திகளுக்கென்று தனியாக உள்ள ஸ்டாண்டர்டு எரரில் வராது. அங்கே "பேக்ஸ்லாஷ் ரிப்ளேஸ்" என்ற ஏற்பாடு: எழுத முடியாத எழுத்தை அதன் யூனிகோட் எண்ணாக மாற்றி எழுதிவிடும். 'க' இருந்த இடத்தில் பேக்ஸ்லாஷும் ஒரு எண்ணும் தெரியும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் செய்தி போய்ச் சேரும். பிழையைச் சொல்லும் வழியில் இன்னொரு பிழை வரக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 3.7 முதல் இப்படி லொகேல் இல்லாத சூழலிலும் பைத்தான் தானாக யூடிஎஃப்-8க்கு மாறிக்கொள்ளும் என்பதால் இந்த வியாதி இப்போது குறைவு. பழைய கண்டெய்னர்களில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்த ஜாபைத் தாண்டி, ரிவ்யூக்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற உருப்படிகள் சில உண்டு. ட்ரை பகுதிக்குள் கனெக்ஷனைத் திறப்பார்கள், எரர் வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி பகுதியில் மூடுவார்கள். திறப்பதே தோற்றால் அந்த மாறியே உருவாகியிருக்காது. மூடப்போகும்போது அன்பவுண்ட் லோக்கல் எரர். திறக்கும் வரியை ட்ரைக்கு வெளியே ஒரு வரி மேலே தூக்கிவைத்தால் தீர்ந்தது. இன்னொன்று, வேறு சர்வர்களோடு பேச உதவும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில்: எக்ஸெப்ஷன் வந்ததும் அதன் ரெஸ்பான்ஸிலிருந்து ஸ்டேட்டஸ் கோடை எடுப்பார்கள். சர்வரோடு தொடர்பே கிடைக்காவிட்டால் ரெஸ்பான்ஸ் என்று ஒன்று இருக்காது, 'நன்' (None, எதுவும் இல்லை என்பதற்குப் பைத்தானின் சொல்) தான் இருக்கும். நன் டைப்புக்கு ஸ்டேட்டஸ் கோடு என்ற பண்பு இல்லை என்று லாக் புலம்பும். நெட்வொர்க் விழுந்தது என்ற உண்மை அதன் அடியில் புதைந்து கிடக்கும்.

எல்லாவற்றிலும் மோசம் ஃபைனலிக்குள் ரிட்டர்ன் எழுதுவது. எக்ஸெப்ஷன் பறந்துகொண்டிருக்கும்போது ஃபைனலியில் ரிட்டர்ன் வந்தால் எக்ஸெப்ஷன் அப்படியே ஆவியாகிவிடும். இரண்டாவது எரர்கூட இல்லை, எல்லாம் சுபம் என்று ஃபங்ஷன் திரும்பி வந்துவிடும். ஜாவாவிலும் இதே கதி. 2025 அக்டோபரில் வந்த பைத்தான் 3.14 இதற்கு சின்டாக்ஸ் வார்னிங் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. என்னைக் கேட்டால் எரராகவே ஆக்கியிருக்கலாம்.

மொழிகளை உருவாக்குகிறவர்களுக்கும் இந்த இடம் தலைவலிதான் போல. ஜாவாவில் ட்ரையில் ஓர் எக்ஸெப்ஷன், ஃபைனலியில் க்ளோஸ் செய்யும்போது இன்னொன்று என்றால், பின்னது முன்னதை மறைத்துவிடும். 2011ல் வந்த ஜாவா 7தான் ட்ரை-வித்-ரிசோர்ஸஸ் கொண்டுவந்து, முதல் எக்ஸெப்ஷனை முன்னால் நிறுத்தி, மூடும்போது வந்ததை "சப்ரெஸ்டு" என்று அதனோடு ஒட்டவைத்தது. சி++ சமரசமே செய்வதில்லை. ஓர் எக்ஸெப்ஷனுக்காக ஸ்டாக் (பாதியில் நிற்கும் ஃபங்ஷன்களின் அடுக்கு) கலைந்துகொண்டிருக்கும்போது, பொருள்களை அழிக்கும் ஏதாவது டிஸ்ட்ரக்டரிலிருந்து இன்னொரு எக்ஸெப்ஷன் வெளியேறினால் புரோகிராமையே முடித்துவிடும். இன்டெல் சிப்களிலும் இதே மாதிரி ஒரு படிவரிசை உண்டு. ஓர் எக்ஸெப்ஷனின் ஹேண்ட்லரை அழைக்கும்போதே இன்னொன்று வந்தால் அதற்கு டபுள் ஃபால்ட் என்று பெயர், எட்டாம் எண். அதைக் கையாள்வதிலும் சிக்கல் வந்தால் டிரிப்பிள் ஃபால்ட்: பிராசசர் நின்றுவிடும், கணினி ரீஸ்டார்ட் ஆகும். நான்காவது வாய்ப்பு கிடையாது. இன்டெல் 286 சிப் காலத்தில் புரொடெக்டட் மோடு என்ற இயக்க நிலையிலிருந்து வெளியே வர நேர்வழி இல்லாததால், ஓஎஸ்/2 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதியவர்கள் வேண்டுமென்றே டிரிப்பிள் ஃபால்ட் உண்டாக்கி பிராசசரை ரீசெட் செய்துகொண்டார்கள். குறுக்குவழி என்றால் இது.

1996 ஜூன் 4ஆம் தேதி ஃபிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியேன் 5 ராக்கெட் சுமார் 40 விநாடியில் சிதறிய கதை நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணில் அடைக்கப் பார்த்தார்கள், அடங்கவில்லை, வெடித்தது என்று கல்லூரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கதையின் பாதி அதுதான். மீதிப் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ராக்கெட்டின் திசையை அளக்கும் அலகில் எண் அடங்காததால் எக்ஸெப்ஷன் வந்தது. அதற்கு என்ன செய்யவேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள்: பிழை என்று அறிவித்துவிட்டு பிராசசரை நிறுத்திவிட வேண்டும். வன்பொருள் பழுதாகலாம், பழுதானால் மாற்று அலகு பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் மாற்று அலகிலும் ஓடியது அதே மென்பொருள். அது 72 மில்லி விநாடி நீளமுள்ள முந்தைய சுற்றிலேயே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. போகிற போக்கில் பிரதான அலகு ஒரு டயக்னாஸ்டிக் தகவலை அனுப்பியது. ராக்கெட்டை ஓட்டிய கணினி அதைப் பறக்கும் திசை பற்றிய தகவல் என்று நம்பி, இல்லாத விலகலைத் திருத்துவதற்காக நாசில்களை முழுக்கத் திருப்பியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் படத்தில் பார்ப்பது.

இதில் இரண்டு துணைக்கதை. எண் அடங்காமல் போன அந்தக் கணக்கு, ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. ஏரியேன் 4லிருந்து அப்படியே வந்தது. அதோடு, ஆபத்தான மாறிகள் ஏழில் நான்குக்குப் பாதுகாப்பு போட்டிருந்தார்கள். பிராசசர் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற இலக்குக்காக மூன்றை விட்டுவிட்டார்கள். அந்த மூன்றில் ஒன்றுதான் இது. எனக்கு இதில் அவர்கள் மேல் கோபம் வரவில்லை. ஸ்பிரிண்ட் முடியும் நாளில் நாம் எல்லோரும் எடுக்கும் முடிவுதான்.

ராக்கெட் வேண்டாம், நம் மாதிரி சர்வர் மென்பொருளைப் பார்ப்போம் என்றால் 2014ல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கசாண்ட்ரா, எச்பேஸ், எச்டிஎஃப்எஸ், மேப்ரெட்யூஸ், ரெடிஸ் ஆகிய ஐந்தில் பயனர்கள் புகார் செய்த 198 கோளாறுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். மொத்தமாக முடங்கிப்போகும் அளவுக்குப் பெரியவை 48. அவற்றில் 92 சதவீதத்துக்குக் காரணம், மென்பொருளே வெளிப்படையாக எழுப்பிய, உயிர்போகாத ஓர் எரரைத் தவறாகக் கையாண்டது. அந்த 48ல் 35 சதவீதத்தில் தவறு மிகச் சில்லறை: ஹேண்ட்லர் காலியாக இருந்தது, அல்லது எல்லா எரரையும் ஒரே வலையில் பிடித்து மொத்தத்தையும் நிறுத்தியது, அல்லது உள்ளே "பிறகு செய்யவேண்டும்" என்று ஒரு கமெண்ட் மட்டும் இருந்தது. படித்தபோது சிரிப்பு வந்தது, அப்புறம் எங்கள் ரெப்போவில் அதே கமெண்டைத் தேடிப் பார்த்தேன். எத்தனை கிடைத்தது என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஏன் இப்படி என்பதற்கு எனக்கொரு கருத்து உண்டு. சாதாரணப் பாதையில் ஓடும் கோட் தினமும் லட்சம் முறை ஓடித் தேய்ந்து சீராகிவிடுகிறது. எக்ஸெப்ட் பகுதி எழுதிய நாளிலிருந்து ஒருமுறைகூட ஓடாமல் இருக்கலாம். அது முதன்முதலாக ஓடுவது புரொடக்ஷனில், ராத்திரியில், ஏற்கெனவே ஏதோ உடைந்திருக்கும் நேரத்தில். இது ஒரு காரணம். இன்னொன்று சர்வீஸ் கம்பெனி பழக்கம். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் கோடிங் ஸ்டாண்டர்டு என்று ஒரு எக்செல் கோப்பு இருந்தது. அதில் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் ட்ரை-கேட்ச் இருக்கவேண்டும் என்று ஒரு வரி. இருக்கிறதா இல்லையா என்று டிக் போடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். கிளையண்டின் டாஷ்போர்டில் சிவப்பு வரக்கூடாது, அவ்வளவுதான். அங்கே பழகியவர்கள் புராடக்ட் கம்பெனிக்கு வந்த பிறகும் கை அப்படியே போகிறது. பிடித்தால் பத்திரம் என்ற எண்ணம். பிடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாத எக்ஸெப்ஷனைப் பிடிக்காமல் விடுவதுதான் பத்திரம். அது விழட்டும், மேலே தெரிந்தவர் யாராவது பிடிப்பார்.

தூத்துக்குடித் தம்பி இதை ஒத்துக்கொள்ள மாட்டான். "அக்கா, ஒரு வரி தப்பா வந்துச்சுன்னு மொத்த ஜாபும் விழுந்தா காலையில கடைக்காரன் நம்ம சட்டையப் பிடிப்பான்லா?" என்பான். அதுவும் நியாயம்தான். அதனால் எங்களுக்குள் ஓர் உடன்பாடு: எக்ஸெப்ட் பகுதிக்குள் நுழைந்ததும் முதல் வரி, முழு டிரேஸ்பேக்கோடு லாக். வேறு எந்த அலங்காரமும் அதற்கு அப்புறம். டேபிளில் எழுதுவது, மெயில் அனுப்புவது, கடையின் பெயரைத் தேடி எடுப்பது எல்லாம் தோற்கக்கூடிய வேலைகள். அவை தோற்றாலும் சாட்சி ஏற்கெனவே பதிவாகியிருக்கும்.

ஏற்கெனவே விழுந்ததைத் தோண்டும்போது நான் டிரேஸ்பேக்கை மேலிருந்து படிக்கிறேன். நடுவில் அந்த "ட்யூரிங் ஹேண்ட்லிங்" வாக்கியம் இருக்கிறதா என்று முதலில் தேடுவேன். இருந்தால் அதற்குக் கீழே உள்ளதை அப்போதைக்கு மறந்துவிடுவேன். "தி அபவ் எக்ஸெப்ஷன் வாஸ் தி டைரக்ட் காஸ்" என்று வேறு மாதிரி இருந்தால், யாரோ "ரெய்ஸ் ஃப்ரம்" போட்டு வேண்டுமென்றே மாற்றி எழுப்பியிருக்கிறார்கள், அது நல்ல சேதி. "ஃப்ரம் நன்" போட்டிருந்தால் டிரேஸ்பேக்கில் பழையது தெரியாது, ஆனால் காண்டெக்ஸ்டில் இன்னும் இருக்கும், கோடை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கரில் போய்ப் பார்க்கலாம். விஎஸ் கோட் டீபக்கரில் "ரெய்ஸ்டு எக்ஸெப்ஷன்ஸ்" பெட்டியை டிக் செய்தால், யாராவது பிடிப்பதற்கு முன்பே, எரர் பிறந்த வரியிலேயே நிற்கும். லைப்ரரிகளுக்குள் சும்மா வந்துபோகும் எக்ஸெப்ஷன்களிலும் நின்று உயிரை வாங்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பைத்தானோடு வரும் பிடிபி டீபக்கர்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு பைத்தான் 3.13ல் "எக்ஸெப்ஷன்ஸ்" என்றொரு கட்டளை வந்திருக்கிறது. சங்கிலியில் முன்னும் பின்னும் போய் முதல் எரரின் ஃபிரேமிலேயே மாறிகளைப் பார்க்கலாம். இதற்காகவே என் லேப்டாப்பில் 3.13 போட்டேன்.

டெஸ்ட் எழுதுவதும் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நிஜ டேட்டாபேஸுக்குப் பதில் வைக்கும் போலியான மாக்கில் சைடு எஃபெக்ட்டாக ஓர் எக்ஸெப்ஷனைக் கொடுத்தால் இன்சர்ட் விழும், எக்ஸெப்ட் ஓடும். ஆனால் மாக் டேட்டாபேஸுக்கு அபார்ட்டட் டிரான்சாக்ஷன் என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் ஜாபின் அந்த முதல் கோளாறு மாக்கில் எத்தனை டெஸ்ட் எழுதினாலும் பிடிபட்டிருக்காது. அதற்கு நிஜ போஸ்ட்கிரெஸில் நிஜமாகவே ஒரே வரியை இரண்டு முறை ஏற்றிப் பார்க்க வேண்டும். தம்பி அப்படி ஒரு டெஸ்ட் எழுதி அனுப்பியிருக்கிறான், கடையின் பெயராக 'ஆழ்வார் ஸ்டோர்ஸ்' போட்டு. கோடை மாற்றும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐயில் போஸ்ட்கிரெஸ் கண்டெய்னர் ஏற்ற நேரம் ஆகிறது, பில்டு மெதுவாகிறது என்று மேனேஜர் இன்னும் அப்ரூவ் செய்யவில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் மறுபடி கேட்கவேண்டும், டிபிஏவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். ரயில் லேட் இல்லையென்றால் வந்துவிடுவார்.